வீட்டு முயலும் அதன் மூலையும்: மலையில் முயல் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குள் முயல் வளர்க்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது இருப்பவை இரண்டு. மிளகு என்ற சாம்பல் நிறப் பெண், பஞ்சு என்ற வெள்ளை ஆண். வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளிக்கத் தயாராக நிற்பார்கள். உள்ளே நாற்றம் இல்லை என்று தெரிந்ததும் கேள்விகள் ஆரம்பமாகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே முடிந்தவரை எழுதியிருக்கிறேன்.

முயலை வெளியே கூண்டில் விட்டால் போதாதா? வீட்டுக்குள் எதற்கு?

இந்த மலையில் போதாது. தெருநாய், காட்டுப்பூனை, கீரி எல்லாம் உண்டு. சிறுத்தை வீட்டு வாசல் வரை வந்து நாயைத் தூக்கிப் போகிற ஊர் இது. கூண்டு உடையாமல் நின்றாலும் உள்ளே இருக்கும் முயல் பயத்திலேயே செத்துப்போகலாம். வீட்டுக்குள் வைப்பதென்று முடிவு செய்தால், கழிப்பிடப் பழக்கம்தான் அடுத்த வேலை.

"முயலுக்கு இதையெல்லாம் சொல்லித்தர முடியுமா அக்கா?"

சொல்லித்தர வேண்டியதே இல்லை, அதற்குத் தெரியும். நம் வீட்டு முயல்களின் மூதாதை ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த முயல். அது வளைக்குள் படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, வெளியே சில இடங்களை மட்டும் கழிப்பிடமாக வைத்திருக்கும். அந்தப் புத்தி வீட்டு முயலுக்கும் அப்படியே இருக்கிறது. அறையில் விட்ட ஓரிரு நாளில் ஏதாவது ஒரு மூலையைத் தேர்ந்து, மூத்திரத்தை அங்கேயே பெய்யும். நம் வேலை அந்த மூலையைக் கண்டுபிடித்து, அது கழிப்பதற்கான டிரேயை அங்கே வைப்பது. பெரும்பாலும் நடக்கும் தவறு, நமக்கு வசதியான இடத்தில் டிரேயை வைத்துவிட்டு முயல் அங்கே வரவில்லையே என்று வருத்தப்படுவது. எங்கள் முதல் முயல் தேர்ந்தெடுத்தது பூஜை அலமாரிக்குப் பக்கத்து மூலை. இரண்டு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு அலமாரியைத்தான் இடம் மாற்றினோம்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடுகிற காட்டு முயலுக்கு இது எதுவும் பொருந்தாது. அது வேறு இனம், வளை தோண்டாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடித்து வளர்க்கவும் கூடாது. குட்டி தனியாகக் கிடந்தாலும் தூக்கி வராதீர்கள். தாய் ஒரு நாளில் ஓரிரு முறைதான் பால் கொடுக்க வரும். குட்டி தனியாக இருப்பதாலேயே அநாதை ஆகிவிடாது.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

தாயிடமிருந்து பிரித்து வீட்டுக்கு வந்த அன்றே. ஆனால் குட்டிகள் மறக்கும், விளையாட்டில் நின்ற இடத்திலேயே போய்விடும். உண்மையில் வளர்ந்த முயல்தான் சீக்கிரம் பழகும். "வயசாயிடுச்சு, இனி பழகாது" என்று யாராவது ஒரு முயலை வேண்டாம் என்று சொன்னால், அதைத் தைரியமாக வாங்கி வாருங்கள்.

டிரே எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

முயல் உடம்பை நீட்டிப் படுத்தால் இருக்கும் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. உள்ளே போய், திரும்பி, உட்கார்ந்து புல் தின்ன வேண்டும். கடையில் முக்கோண வடிவில் விற்கும் மூலை டிரேக்கள் நம் முயல்களுக்குச் சின்னவை. காரணம், இந்த மலைகளில் வீடுகளுக்கு வரும் முயல்கள் பெரும்பாலும் வளர்ப்புப் பண்ணை வகைகள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவிலும், கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் இருக்கும் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையங்களில் முயல்களும் வளர்க்கிறார்கள். ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள். இவையும் இவற்றின் கலப்பும் வளர்ந்தால் நான்கு கிலோ அளவுக்கு வரும். துணி ஊறவைக்கும் அகலமான டப் அல்லது பாத்திரம் கழுவும் பெரிய டப் சரியாக இருக்கும். சுவர் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பெய்கிற முயலாக இருந்தால் பின்சுவர் மட்டும் உயரமாக இருக்கட்டும்.

கம்பி வலை போட்ட டிரே வேண்டவே வேண்டாம். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தைத் தோல் கிடையாது, வெறும் முடிதான். கம்பியில் நின்று நின்று குதிகால் புண்ணாகும். ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

உள்ளே என்ன போடுவது? மில்லில் மரத்தூள் சும்மாவே கிடைக்கிறதே?

நானும் அப்படித்தான் ஒரு மூட்டை மரத்தூள் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் முயல் தும்ம ஆரம்பித்தது, கண்ணில் நீர். நம் ஊர் மில்களில் அறுப்பது அதிகமும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன், சைப்ரஸ். வாசனை உள்ள மரங்களின் தூளை மூடிய அறையில் முயல் நாள் முழுக்க மூச்சில் இழுப்பது நல்லதல்ல. நைஸ் தூளாக இருந்தால் எந்த மரமானாலும் நுரையீரலுக்குக் கெடுதல்.

பூனைகளின் கழிப்பிடத்தில் போட விற்கும் களிமண் குருணை (லிட்டர் என்பார்கள்) இன்னும் ஆபத்து. ஈரம் பட்டால் கட்டியாகிறது இல்லையா, முயல் அதைத் தின்றால் குடலுக்குள்ளும் அதுதான் நடக்கும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. போனது அடைத்துக்கொண்டால் உயிர் போகும்.

அப்படியென்றால் என்ன போடலாம்? எங்கள் வீட்டில் அடியில் நாளிதழ் நான்கைந்து மடிப்பு, அதன்மேல் கிழித்த காகிதம், அதற்கும் மேல் காய்ந்த புல் ஒரு கை நிறைய. வழவழப்பான வண்ணக் காகிதம் ஈரத்தை உறிஞ்சாது, வேண்டாம். அழுத்திச் செய்த காகிதக் குருணை இணையத்தில் கிடைக்கிறது. நன்றாக உறிஞ்சும், விலைதான் கூட. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் வைக்கோலை விரிப்பாகப் போடலாம். ஆனால் அது சாப்பாடு ஆகாது, சத்து இல்லை. பிளாஸ்டிக் ஷீட்டை அடியில் விரிக்காதீர்கள், கடித்து விழுங்கும்.

"டிரேயில் உட்கார்ந்தே புல் தின்கிறதே, அசிங்கம் இல்லையா?"

அதுதான் நமக்கு வேண்டியது. முயல் தின்னும்போதே புழுக்கை போடும். புல் எங்கே இருக்கிறதோ அங்கேயே நீண்ட நேரம் உட்காரும். அதனால் டிரேயின் ஓர் ஓரத்தில் புல்லைக் குவியுங்கள், அல்லது எட்டும் உயரத்தில் சுவரில் ஒரு கூடையைக் கட்டி அதில் திணியுங்கள். என்னைக் கேட்டால், மொத்தப் பழக்கத்திலும் பாதி வேலை இந்த ஒன்றிலேயே முடிந்துவிடும். நனைந்த புல்லை அது தானே ஒதுக்கிவிடும்.

புல் என்றால் நம் பக்கம் பரவிக் கிடக்கும் கிக்குயு புல்லையே வெட்டி, வெயில் அடிக்கிற நாட்களில் காயவைத்து வைக்கலாம். தேயிலைக்கோ கேரட்டுக்கோ மருந்து அடித்த இடத்தின் ஓரத்தில் வெட்டாதீர்கள். வெட்டும்போது உண்ணிச்செடி, ஊமத்தை, பெரணி, உருளைக்கிழங்குத் தழை கலந்துவிடாமல் பாருங்கள். பழனி மலைப் பக்கம் இருப்பவர்கள் வெண்ணெய்ப்பழ மரத்தின் இலையையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இலை முயலுக்கு விஷம்.

முதல் சில நாட்களை எப்படி நடத்துவது?

வீடு முழுக்க அவிழ்த்து விடாதீர்கள். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். நான்கடிக்கு நான்கடி போல ஒரு இடத்தை அட்டையாலோ மடக்கு வேலியாலோ தடுத்து, அதற்குள் டிரே, தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி மட்டும் வையுங்கள். எந்த மூலையில் பெய்கிறது என்று பாருங்கள். டிரேயை அந்த மூலைக்கு நகர்த்துங்கள். வெளியே பெய்ததைக் காகிதத்தால் ஒற்றி, அந்தக் காகிதத்தை டிரேக்குள் போடுங்கள். சிதறிய புழுக்கையையும் கூட்டி உள்ளேயே போடுங்கள். வாசனை உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருக்கக் கூடாது. வெளியே உள்ள இடத்தை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்தால் வாசனை போய்விடும்.

வாலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஒரு மூலைக்கு நகர்கிறதென்றால் பெய்யப் போகிறது என்று அர்த்தம். அப்போது சத்தம் போடாமல் மெல்ல டிரே பக்கம் ஓட்டுங்கள். உள்ளே பெய்தால் உடனே ஒரு சின்னக் கேரட் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு போதும். ஊட்டி கேரட் ஊரெல்லாம் பேர் வாங்கியது, ஆனால் முயலுக்கு அது இனிப்புப் பண்டம் மாதிரி. தினமும் முழுக் கேரட் கொடுத்தால் வயிறு கெடும்.

அடிக்கவோ, மூக்கை மூத்திரத்தில் தேய்க்கவோ கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். முயல் இரை விலங்கு. உங்கள் கை ஒருமுறை பயம் காட்டினால் அடுத்து அது உங்களைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய், அங்கேயே எல்லாம் முடித்துக்கொள்ளும்.

ஒரு வாரம், பத்து நாள் சுத்தமாக இருந்தால் வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அப்புறம் ஓர் அறை, அப்புறம் அடுத்தது. தவறினால் மறுபடி சின்ன இடத்துக்கு. பெரிய கூடமாக இருந்தால் இரண்டாவது டிரே ஒன்று வேண்டும்.

மூத்திரம் சரியாகிவிட்டது, ஆனால் புழுக்கை அங்கங்கே கிடக்கிறது

கொஞ்சம் கிடக்கத்தான் செய்யும். அது அதன் எல்லைக்கல். காய்ந்த உருண்டை, நாற்றம் இல்லை, துடைப்பம் போதும். வேறு முயல் வந்த பிறகோ, விருந்தாளி வீட்டுக்கு நாயோடு வந்த பிறகோ திடீரென்று கூடும், சில நாளில் குறையும்.

"நல்லாப் பழகியிருந்தது, அஞ்சாவது மாசத்துல எல்லாம் போச்சு!"

பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர்களின் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஓர் அம்மா கிட்டத்தட்ட அழுதுகொண்டே இதைக் கேட்டார். முயலுக்குப் பருவம் வந்துவிட்டது, அவ்வளவுதான். மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இது நடக்கும். ஆண் முயல் சுவர், திரை, சில சமயம் நம் கால்மேலேயே பீச்சும். பெண்ணும் செய்யும். இது கெட்ட குணம் இல்லை, உடம்பு செய்யும் வேலை.

இதற்கு நிலையான தீர்வு கருத்தடை அறுவை. ஆணுக்கு விதை நீக்குவது சுலபம். செய்த பிறகும் பழைய சுரப்பு அடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை பெண் முயலோடு விடாதீர்கள். பெண்ணுக்குக் கருப்பையை நீக்குவது பெரிய அறுவை. ஆனால் அதற்கு டிரேயைவிடப் பெரிய காரணம் உண்டு. கருப்பை நீக்காத பெண் முயல்களுக்கு நான்கைந்து வயதுக்கு மேல் கருப்பைப் புற்று வருவது மிகவும் அதிகம். எங்கள் முதல் பெண் முயலை அப்படித்தான் இழந்தோம். அதனால் மிளகுக்கு ஒரு வயதிலேயே செய்துவிட்டோம்.

நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் மாடும் நாயும்தான் அதிகம் பார்க்கிறார்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய கை வேண்டும். கோயம்புத்தூருக்குப் போக வேண்டி வரலாம். எங்கே போனாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டுமா?" போட வேண்டும் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். முயல் வாந்தி எடுக்காது என்பதால் பட்டினி தேவையில்லை. வயிறு காலியானால் குடல் நின்றுபோகும். எங்களுக்கு முதலில் அப்படிச் சொன்ன ஓர் இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டோம். சமவெளியில் கோடைக்காலம் என்றால் விடியற்காலையில் இறங்குங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வையுங்கள். குளிருக்குப் பழகிய முயல் மேட்டுப்பாளையம் வெயிலைத் தாங்காது.

கட்டில் மேலே ஏறித்தான் பெய்கிறது. ஏன்?

மெத்தென்று இருப்பதும், உங்கள் வாசனை அடிப்பதும்தான். சில மாதங்களுக்குக் கட்டிலே அதற்குக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மர பங்களாக்களில் இருப்பவர்கள் தரைக்கும் கவனம் கொடுக்க வேண்டும். பலகை இடுக்கில் இறங்கிய மூத்திரத்தை எடுப்பது பெரும்பாடு. டிரேக்கு அடியில் ஒரு பழைய ரெக்சின் துண்டு விரித்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் நாற்றம் தாங்க முடியவில்லை. ஃபினாயில் ஊற்றலாமா?

மலையில் முயல் வளர்ப்பவர்களின் உண்மையான சிக்கல் இதுதான். கூடலூர் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை ஆகஸ்ட் வரை விடாது. எங்களுக்கும் குன்னூருக்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மேகம் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், எதுவும் காயாது. காகிதம் நேரடியாக மூத்திரத்தைக் குடிப்பதற்கு முன்பே காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். ஈர டிரேயிலிருந்து வரும் அம்மோனியா கண்ணை எரிக்கிறதென்றால், தரையோடு மூக்கை வைத்து வாழும் முயலுக்கு இன்னும் எவ்வளவு எரியும் என்று நினைத்துப் பாருங்கள். தொடர்ந்து இருந்தால் மூக்கொழுகல், சளி, மார்புத் தொற்று.

ஃபினாயில் வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் கைக்கு வரும் நீலகிரித் தைலத்தையும் டிரேயிலோ பக்கத்திலோ விடாதீர்கள், அந்தக் காரம் முயலின் மூச்சுக்கு ஆகாது. அடுப்புச் சாம்பல் தூவினால் நாற்றம் போகும் என்று பலர் சொல்கிறார்கள். நேர் எதிராக நடக்கும். சாம்பல் காரத்தன்மை உள்ளது, மூத்திரத்தோடு சேர்ந்தால் அம்மோனியாவை இன்னும் அதிகமாகக் கிளப்பும், பாதத்தையும் எரிக்கும். பிளீச்சிங் பவுடரும் மூத்திரமும் கலந்தால் விஷ வாயுவே வரும்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால், மழையில் தினமும் காலையில் மாற்றுங்கள். தடிமனாகப் போட்டு மூன்று நாள் ஓட்டுவதைவிட மெல்லிசாகப் போட்டு தினமும் எடுப்பது நல்லது. இரண்டு டிரே வைத்துக்கொண்டால் ஒன்று கழுவிக் காயும்போது மற்றது ஓடும். அடியில் படியும் வெள்ளைக் காரையை வினிகர் ஊற்றி அரைமணி ஊறவைத்துத் தேய்த்தால் விடும். முயல் உடம்பில் மிஞ்சும் சுண்ணாம்பு மூத்திரத்தில்தான் போகும், அதனால்தான் அந்தக் காரை. எல்லாவற்றையும் கழுவிய பிறகு பழைய புழுக்கை பத்துப் பதினைந்தைப் புதிய காகிதத்தின் மேல் போட மறக்காதீர்கள், இடம் அடையாளம் தெரிய வேண்டும். அப்புறம் நாளிதழையும் புல்லையும் சமையலறை அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் காய்ந்தே இருக்கும். பூஞ்சணம் பிடித்த புல்லை விரிப்பாகக்கூடப் போடாதீர்கள்.

குளிருக்காக அறையில் தணல் சட்டி வைத்து ஜன்னலைச் சாத்துவது முயலுக்கும் உங்களுக்கும் உயிருக்கே ஆபத்து.

மூத்திரம் சிவப்பாக இருக்கிறது, ரத்தமா?

பீட்ரூட் தழை, கேரட் கொடுத்தீர்களா? பெரும்பாலும் அந்த நிறம்தான். ஓரிரு நாள் அவற்றை நிறுத்திப் பாருங்கள். நிறம் போகாவிட்டாலோ, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தாலோ, மாவுக் கரைசல் மாதிரி கெட்டியாக வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். பழகிய முயல் திடீரென்று டிரேக்கு வெளியே பெய்வதும் வலியின் அடையாளமாக இருக்கலாம்.

தன் புழுக்கையைத் தானே தின்கிறது!

அது வேறு புழுக்கை. கொத்தாக, மினுமினுப்பாக, முசுக்கொட்டைப் பழம் போல இருக்கும். சத்து நிறைந்தது, ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் எடுத்துக்கொள்ளும். தடுக்கக் கூடாது. அது தின்னப்படாமல் தரையில் ஒட்டிக் கிடந்தால்தான் கவலை: தீவனக் குருணை அதிகம், புல் குறைவு, அல்லது முயல் குண்டாகிவிட்டது.

காய்ந்த புழுக்கை நாளுக்கு இருநூறு முந்நூறு வரும். டிரேயைத் தினமும் நாமே மாற்றுவதில் இந்த நன்மை இருக்கிறது. சின்னதாகிறதா, முடியால் கோத்து மணிமாலை போல வருகிறதா என்று கண்ணில் படும். அரை நாள் புழுக்கையே இல்லை, தின்னவும் இல்லை என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். குடல் நின்றிருக்கிறது. வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நாம் சாதாரணமாகச் சாப்பிடும் அமாக்சிசிலின் வாய்வழியாகப் போனால் முயலைக் கொன்றுவிடும்.

பெண் முயல் முடியைப் பிடுங்கி டிரேயில் போடுகிறது

ஆணோடு இருந்ததா? சினைக்காலம் சுமார் 31 நாள். டிரேயைக் கூடாக்கப் பார்க்கிறது, தனிப் பெட்டி வையுங்கள். ஆணே இல்லை என்றால் பொய்ச்சினை, இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், டிரேயைத் தொடலாமா?

பூனை மலத்தால் வரும் டாக்ஸோபிளாஸ்மா (கருவைப் பாதிக்கக்கூடிய ஒரு கிருமி) பயம் முயலின் புழுக்கைக்கு இல்லை. ஆனாலும் மழைக்கால அம்மோனியாவும் புல் தூசியும் அவளுக்கு எதற்கு? வேறு யாராவது செய்யட்டும். யார் செய்தாலும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

எடுத்த கழிவை எங்கே போடுவது?

ரோஜாத் தொட்டிக்கும் கேரட் பாத்திக்கும். கோழி எரு போலச் சூடு இல்லை, மட்க வைக்காமலே செடிக்கு வைக்கலாம். நனைந்த காகிதமும் புல்லும் குழியில் போகட்டும். குளிரில் மட்குவதற்குச் சமவெளியைவிட நாள் அதிகம் பிடிக்கும். சமையலறைக் கழிவை மட்டும் அதே குழியில் கலக்காதீர்கள், வாசனைக்குக் கரடி வரும்.

வயதான முயல் டிரேக்குள் ஏற மாட்டேன் என்கிறது

மிளகுக்கு இப்போது எட்டு வயது. போன பனிக்காலத்தில் டிரே ஓரத்தில் நின்று ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே பெய்தாள். மூட்டு வலி. டப்பின் ஒரு பக்கத்தை இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கினோம். முன்னால் வழுக்காமல் இருக்க ஒரு சாக்கு விரித்தோம். மறுநாளே உள்ளே போனாள். குளிர் அதிகமான இரவுகளில் வெட்டிய பக்கத்தை அவள் படுக்கும் பெட்டியை ஒட்டித் திருப்பி வைக்கிறோம், நான்கு அடி நடந்தால் போதும்.